தனி ஆளுக்கு ரூம் இல்லை

அவள் தலை மொட்டையாக இருந்தது என்றுதான் எனக்கு நினைவு. லாட்ஜில் என்னோடு வேலை பார்த்த சரோஜாக்கா அப்படி இல்லை என்கிறாள். ஒரு விரற்கடை அளவுக்கு முடி வளர்ந்திருந்ததாம், எண்ணெய் வைத்து வாரியிருந்தாளாம், காதோரம் நரைகூடத் தெரிந்ததாம். ஒரே நாளில், ஒரே வெளிச்சத்தில் நாங்கள் இரண்டு பேரும் பார்த்த பெண் அவள். சரோஜாக்கா பக்கத்தில் உட்கார்ந்து பேசினாள். நான் மேசைக்குப் பின்னாலிருந்து பார்த்தேன். அக்கா சொல்வதே சரியாக இருக்கும். ஆனாலும் கண்ணை மூடினால் எனக்கு மொட்டைத் தலைதான் வருகிறது. அதனால் இங்கே நான் எழுதும் மற்ற விஷயங்களையும் கொஞ்சம் சந்தேகத்தோடு படிப்பது நல்லது.

கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி, இருபத்திரண்டு ரூம் உள்ள ஒரு லாட்ஜில் நான் ரிசப்ஷன் பார்க்கிறேன். பன்னிரண்டு வருஷம் ஆகிறது. சொந்த ஊர் கீழ்பென்னாத்தூர் பக்கம். நிலம் அண்ணன் கையில் இருக்கிறது. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. கிரிவலக் கூட்டம் வரும் பௌர்ணமி தவிர்த்த நாட்களில் வேலை கம்மி. மேசை இழுப்பறையில் எப்போதும் ஒரு புத்தகம் இருக்கும். ஒரு நாள் முழுக்க நாலு வார்த்தைக்கு மேல் பேசாமல் இருந்ததுண்டு. அது எனக்குப் பிடித்தும் இருந்தது.

வருகிறவர்களைப் பார்த்ததும் இன்ன ரகம் என்று சொல்லிவிடுவதில் எனக்குப் பேர் இருந்தது. ஆந்திரா வேன் என்றால் பேரம் கம்மி, தண்ணீர்ச் செலவு ஜாஸ்தி. பெங்களூர்க்காரர்கள் முதலில் பாத்ரூமைப் பார்ப்பார்கள், பிறகு வாடகையைக் கேட்பார்கள். புதுத் தாலியோடு வருகிற ஜோடியில் ஆண் முன்னால் வந்து பேசினால் ரூம் கொடுக்கலாம், இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே பேசினால் கொடுக்கக் கூடாது. உள்ளூர் விலாசத்துக்கு ரூம் கிடையாது. தனி ஆளுக்குக் கிடையவே கிடையாது. பக்கத்து லாட்ஜ்காரர்கள் சந்தேகம் வந்தால் எனக்குப் போன் செய்வார்கள். "சுரேஷ்குமாரு, ஒரு ஆள அனுப்பறேன், பாத்து சொல்லு" என்பார்கள். பௌர்ணமி காலையில் நாற்பது பேர் மேசைக்கு முன்னால் நிற்கும்போது ஒவ்வொரு ஆளையும் தெரிந்துகொள்ள நேரம் ஏது? ஒரு ஆளுக்கு ஐந்து விநாடி. செருப்பு, பை, பின்னால் நிற்பவர் யார். முடிந்தது.

தனி ஆள் சட்டம் வந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. அவள் வருவதற்கு ஏழு வருஷத்துக்கு முன் பன்னிரண்டாம் நம்பர் ரூமில் தனியாகத் தங்கிய ஒருவர் மறுநாள் கதவைத் திறக்கவில்லை. நான்தான் கதவை உடைத்தேன். அதற்குப் பிறகு பதினோரு நாள் போலீஸ் விசாரணை என்று நடந்தேன். முதலாளி சடையன் என்னைக் கூப்பிட்டு, "இனிமே ஒத்த ஆளுக்கு ரூம் குடுத்தே, நீ அப்படியே வூட்டுக்குப் போயிடு" என்றார்.

அந்த மனிதர் முந்தின நாள் மாலை மேசைக்கு வந்து வெந்நீர் கேட்டவர். என் புத்தகத்தைப் பார்த்துக் கிண்டல்கூடப் பண்ணினார். "இவ்ளோ படிச்சும் சாவி எடுத்துக் குடுக்கிற வேலைதானா சார்?" நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். முகம் ஒன்றும் சொல்லாது என்று அன்றைக்கு நான் கற்றுக்கொண்டிருக்க வேண்டும். நான் கற்றுக்கொண்டது வேறு. இன்னும் கவனமாக முகம் பார்க்க வேண்டும் என்று கற்றுக்கொண்டேன். பயந்தவனுக்குச் சட்டம் வேண்டியிருக்கிறது. அது தப்பான சட்டமாக இருந்தாலும் கைப்பிடிச்சுவர் மாதிரி பிடித்துக்கொண்டு நடக்கலாம்.

அவள் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி. காலை ஒன்பது இருக்கும். நாற்பது, நாற்பத்தைந்து வயது. துணிக்கடைப் பை ஒன்று. ரப்பர் செருப்பு.

"ரூம் இருக்குதுங்களா? ஒரு நாளைக்குப் போதும்."

"எத்தினி பேரு?"

"நான் ஒருத்திதான்."

"கூட யாரும் வரலியா?"

"இல்லீங்க."

ஆதாரைக் கேட்டேன். அருணாதேவி. விலாசத்தைப் பார்த்ததும் நிமிர்ந்தேன். எங்கள் ஊரிலிருந்து மூன்றாவது ஊர்.

"ஏம்மா, வூடு முக்கா மணி நேரத்துல இருக்குது. ரூம் எதுக்கு?"

"நாளைக்குத் திங்கக்கிழம. வேங்கிக்கால்ல கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுக்கணும். காலைலயே போய் நிக்கணும்."

"அதுக்கு இன்னா? விடிகாலையில பஸ்ஸு இருக்குதே."

"பஸ்ஸு இருக்குதுங்க" என்றாள்.

தனியாக வந்திருக்கிறாள். உள்ளூர். மொட்டை. இந்தக் கோயில் ஊரில் மொட்டைத் தலைக்குப் பஞ்சமில்லை. குடும்பத்தோடு வந்தால் அது வேண்டுதல், அந்தத் தலைக்குச் சந்தனம் பூசிப் போட்டோ எடுப்பார்கள். அதே தலையோடு ஒரு பெண் தனியாக வந்து நின்றால் வேண்டுதல் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. எனக்கும் தோன்றவில்லை. பன்னிரண்டாம் நம்பர் கதவுதான் தோன்றியது.

"வூட்ல யாரையாவது ஒரு வார்த்த போன்ல பேசச் சொல்லுங்கம்மா. அது எங்க ரூல்ஸு."

"போன் இல்லீங்க. பேசறதுக்கு ஆளும் இல்லீங்க."

அப்போது அவள் மேசை மேலிருந்த என் புத்தகத்தைப் பார்த்தாள். அட்டையைத் தலைகீழாகவே கொஞ்ச நேரம் படித்தாள். பிறகு பையிலிருந்து நாலாக மடித்த கோடுபோட்ட தாள்களை எடுத்து என் பக்கம் நீட்டினாள்.

"படிக்கிறவரா இருக்கீங்க. இத ஒருவாட்டி பாத்துக் குடுக்கிறீங்களா? தப்பு கிப்பு இருந்தா சொல்லுங்க. நானே எழுதினது. யார்கிட்டயும் காட்டல."

படிக்கிறவன் என்றால் நம்பலாம் என்று அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ. அவளும் என்னை ஐந்து விநாடிதான் பார்த்தாள்.

"சரி வைங்க, பாக்கிறேன்" என்று வாங்கினேன். அந்த நேரம் பார்த்து ஆந்திரா வேன் ஒன்று வாசலில் நின்றது. பதினோரு பேர் இறங்கினார்கள். தாள்களைப் புத்தகத்துக்கு அடியில் சொருகினேன். "உக்காருங்கம்மா. ரூம் கிளீன் பண்ணினு இருக்காங்க" என்று அவளிடம் சொன்னேன். எட்டாம் நம்பர் சுத்தமாகத்தான் இருந்தது. அவள், "ரொம்ப நன்றிங்க" என்று சொல்லிவிட்டுச் சுவரோரம் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

வேன்காரர்களுக்குச் சாவி கொடுத்து முடித்ததும் பின்பக்கம் போய் தருமனுக்குப் போன் செய்தேன். தருமன் என் பெரியப்பா மகன். கீழ்பென்னாத்தூரில் உரக்கடை. சுற்று வட்டாரத்தில் அவனுக்குத் தெரியாத வீடு கிடையாது. அவள் பேரையும் ஊரையும் சொன்னேன்.

"யாரு, நம்ம பிரகாஷு தங்கச்சியா?" என்றான். "மொட்ட போட்டுனு இருக்குதா?"

"ஆமா."

"அதேதான். அம்மா செத்ததுல இருந்து ஒரு மாதிரி. வூட்ட வுட்டே வெளிய வராதுன்னு சொல்லுவாங்க. அங்க எப்டி வந்துச்சு?"

"தனியா வந்து ரூம் கேக்குது."

"டேய், டேய். வுட்டுறாதடா. பௌர்ணமி நாள்ல ஏதாவது பண்ணிக்கப் போவுது. உனக்குத்தான் ஏற்கெனவே ஒண்ணு ஆச்சே."

"பிரகாஷு ஆளு எப்டி?"

"தங்கமான ஆளு. ஊர்ல திருவிழான்னா அவன்தான் முன்னாடி நிப்பான். நம்பர் அனுப்பறேன், பேசு."

ஒரு பெண் வெளியே வருவதில்லை என்றால், யாராவது வெளியே விடாமலும் இருந்திருக்கலாம். அன்றைக்கு அந்த யோசனை எனக்கு வரவில்லை. பிரகாஷுக்குப் போன் செய்தேன். அவன் குரல் தழுதழுத்தது. "தெய்வம் மாதிரி போன் பண்ணீங்க சார். நேத்துல இருந்து தேடினு இருக்கோம். எங்கயும் அனுப்பிடாதீங்க. தோ வந்துட்டோம்" என்றான்.

போனை வைத்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை மறைக்க விரும்பவில்லை. ஏழு வருஷத்துக்கு முன்னால் செய்யத் தவறியதை இப்போது செய்துவிட்டேன் என்று தோன்றியது. அவளுக்கு ஒரு டீ வரவழைத்துக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

சரோஜாக்கா மாடியிலிருந்து வாளியோடு இறங்கி வந்தாள். அடி அண்ணாமலையிலிருந்து தினம் வந்து ரூம்களைச் சுத்தம் செய்துவந்தவள் அவள். அருணாதேவியின் பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பேசிவிட்டு மேசைக்கு வந்தாள்.

"சுரேசு, அந்தம்மாவுக்கு எந்த ரூமு? எட்டு ரெடியா இருக்குதே."

"சும்மா இருக்கா. அது ஒரு மாதிரி கேஸு."

"இன்னா மாதிரி? நல்லாத்தான பேசுது. என் முழங்கால் வலிக்கு மருந்துகூடச் சொல்லுச்சு."

"உனக்குத் தெரியாது. பன்னெண்டாம் நம்பரு மறந்துட்டியா?"

"அந்தாளு சிரிச்சினு இருந்தான். இது ஒருவாட்டிகூடச் சிரிக்கலியே. அப்பறம் எப்டி ரெண்டும் ஒண்ணாவும்?"

"வேலையப் பாருக்கா" என்றேன்.

ஒரு மணி நேரத்துக்குள் கார் வந்தது. பிரகாஷ் வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி. கூட அவன் மனைவி, தலையில் மல்லிகை, கையில் ஒரு சாப்பாட்டுக் கூடை. சாப்பாட்டுக் கூடையைப் பார்த்ததும் எனக்கு மனபாரம் முழுக்க இறங்கிவிட்டது. தேடி வருகிற இடத்துக்கும் சோறு கட்டிக்கொண்டு வருகிறவர்கள் நல்லவர்களாகத்தான் இருக்க வேண்டும். அவர்களிடம் நான் எதுவும் கேட்கவில்லை. ஆதார் கேட்கவில்லை. நீங்கள் யார் என்றுகூடக் கேட்கவில்லை. எழுந்து நின்று அவளைக் கை காட்டினேன்.

அருணாதேவி கத்தவில்லை. கத்தியிருந்தால் ஒருவேளை அவளுக்குப் பைத்தியம் என்று எனக்கு இன்னும் உறுதியாகியிருக்கும். அவள் அண்ணனைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"ரூம் கிளீன் பண்றாங்கன்னு சொன்னீங்களே" என்றாள்.

பிரகாஷின் மனைவி மெல்ல வந்து அவள் மேல்கையைப் பிடித்தாள். "வாம்மா அருணா. சாப்ட்டியா? முகமெல்லாம் எப்டி வாடிக் கெடக்குது பாரு."

"அண்ணா, நாளைக்கு ஒரு நாள் வுட்டுடு" என்றாள் அவள். "அப்பறம் நீ எங்க இருக்கச் சொல்றியோ அங்க இருக்கிறேன்."

"எதுவா இருந்தாலும் வூட்ல போயி பேசிக்கலாம். பத்து பேரு பாக்கறாங்க பாரு."

பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். வேனில் வந்தவர்களில் ஒரு வயதான அம்மா, என்ன விஷயம் என்பதுபோல என்னைப் பார்த்தார். நான் ஒரு விரலால் என் நெற்றிப் பொட்டைத் தொட்டுக் காட்டினேன். அந்த அம்மா புரிந்துகொண்டு உச்சுக் கொட்டினார். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குத் தெலுங்கு தெரியாது. தேவைப்படவும் இல்லை.

கார் கதவு சாத்தும் முன் பிரகாஷ் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான். சரோஜாக்கா படிக்கட்டில் நின்றிருந்தாள். "அவ கையப் புடிச்ச பொம்பள வெரலு எப்டி அழுந்திச்சு பாத்தியா?" என்றாள். நான் பார்க்கவில்லை. நான் சாப்பாட்டுக் கூடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கூட்டம் ஓய்ந்து, எல்லாரும் கிரிவலத்துக்குக் கிளம்பிய பிறகு, மாலை நாலு மணிக்குப் புத்தகத்தை எடுத்தேன். அதன் அடியிலிருந்த தாள்கள் தரையில் விழுந்தன.

நாலு பக்கம். வரி கோணாத கையெழுத்து. படுத்த படுக்கையாக இருந்த அம்மாவை ஒன்பது வருஷம் பார்த்துக்கொண்டதாகவும், அம்மா தன் பேரில் இருந்த வீட்டையும் எழுபது சென்ட் நிலத்தையும் இவள் பேருக்கு எழுதி வைத்ததாகவும், அம்மா போன நாளிலிருந்து அதைத் திருப்பி எழுதித் தரச் சொல்லி அண்ணன் பின்கட்டில் வைத்துப் பூட்டுவதாகவும், போனைப் பிடுங்கிக்கொண்டதாகவும் எழுதியிருந்தாள். அம்மா பிழைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு முடியைக் கொடுத்தாளாம். அந்தத் தலையைக் காட்டித்தான் ஊரில் அண்ணன் இவளுக்குப் புத்தி சரியில்லை என்று சொல்கிறானாம். 'மனநல மருத்துவமனையில் சேர்த்துவிடுவேன் என்று மிரட்டுகிறார்கள். நான் என் தாயார் வீட்டில் தனியாக இருந்துகொள்வேன். எனக்குத் தனியாக இருக்கத் தெரியும். அதற்கு உதவி செய்ய வேண்டும்' என்று முடித்திருந்தாள்.

மூன்று முறை படித்தேன். எழுத்துப் பிழை இரண்டு இருந்தது. பேனாவை எடுத்துத் திருத்தினேன். ஏன் திருத்தினேன் என்று தெரியவில்லை. அவள் என்னிடம் கேட்டது அதைத்தான், அதை மட்டும் செய்தேன்.

தருமனுக்குப் போன் செய்து படித்துக் காட்டினேன். அவன் சிரித்தான்.

"எழுதத் தெரிஞ்சா பைத்தியம் இல்லன்னு ஆயிடுமா? நீதான் நாள் பூரா படிக்கிறியே, உன்ன ஊர்ல இன்னான்னு சொல்றாங்க தெரியுமா?"

"இன்னான்னு சொல்றாங்க?"

"வுடுடா. அவங்க குடும்ப விஷயம். பத்து ஊருக்கு நடுவுல வாழணும் நாம."

பிரகாஷின் நம்பர் என் போனில் இருந்தது. போலீசுக்கும் பெண்கள் உதவிக்கும் என்று ஒரு நம்பர் எங்கள் சுவரிலேயே ஒட்டியிருக்கிறது. இரண்டையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போன் செய்தால் நான் அவளைப் பிடித்துக் கொடுத்ததைச் சொல்ல வேண்டும். மறுபடி விசாரணை, மறுபடி முதலாளி. நாளைக்கு மனுவை நானே கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம், அதுதான் முறை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். செய்ய முடிந்ததைச் செய்யாமல் இருப்பதற்கு, நாளைக்குச் செய்யப்போகிற இன்னொன்றை நினைத்துக்கொள்வது நல்ல வழி.

திங்கட்கிழமை காலை லீவு சொல்லிவிட்டு வேங்கிக்காலுக்குப் போனேன். கலெக்டர் ஆபீஸ் வெளியே மர நிழலில் மனு எழுதிக் கொடுப்பவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே யாரிடம் கொடுப்பது என்று ஒருவரிடம் கேட்டேன். வயதானவர், கண்ணாடியை உயர்த்தித் தாளை வாய்விட்டே படித்தார்.

"நல்லா எழுதியிருக்குது. இது யாரு அருணாதேவி, உங்க சம்சாரமா?"

"இல்லீங்க."

"தங்கச்சியா?"

"இல்ல."

"அப்பறம் நீங்க யாரு?"

பக்கத்தில் பட்டா விஷயமாக வந்திருந்த இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் தெரிந்தவன் என்றேன். எப்படித் தெரியும் என்றார். லாட்ஜில் தெரியும் என்று சொன்னேன். சொன்ன பிறகுதான் அது எப்படிக் கேட்கிறது என்று புரிந்தது.

"லாட்ஜிலயா?" என்றாள் ஒருத்தி.

மற்றவள் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். "ஆளப் பாத்தாலே தெரியல? நெலம் அவ பேர்ல இருக்குதாம், சார் மனு தூக்கினு வந்துட்டாரு."

என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார்கள். நாற்பத்தொரு வயது, சவரம் செய்யாத முகம், விரலில் மோதிரம் இல்லை. ஐந்து விநாடி போதுமானதாக இருந்தது. கேட்டிருந்தால் அவர்களுக்கும் ஒரு காரணம் இருந்திருக்கும். அவர்கள் வீட்டிலும் யாரோ ஒருத்தியை, யாரோ ஒருத்தன் இப்படி மனு எழுதிக் கொடுத்து ஏமாற்றியிருப்பான்.

பெரியவர் நல்லவர். "அவங்க கிடக்கட்டும். ஆபத்துல இருக்கிற பொம்பளைக்குத் தெரிஞ்சவங்க குடுத்தாலும் வாங்கிப்பாங்க. மேல ஒரு கடிதம் வச்சுத் தரேன். நீங்க யாரு, இது உங்க கைக்கு எப்டி வந்துச்சு, அவங்கள யாரு கூட்டினு போனாங்க, அத மட்டும் உண்மையா சொல்லுங்க" என்றார். புதுத் தாளை எடுத்து அட்டையில் செருகினார். "ம், சொல்லுங்க" என்றார்.

நான் பேசாமல் நின்றேன். என் வாழ்க்கையில் நான் மௌனமாக இருந்த நேரங்களை எல்லாம் ஆழம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது வேறு ஒன்று என்று அந்த மரத்தடியில் தெரிந்தது. அவர் இரண்டு முறை கேட்டார். பிறகு பின்னால் இருந்தவரை வரச் சொன்னார். நான் பஸ் பிடித்து லாட்ஜுக்குத் திரும்பினேன். மதிய ஷிப்டுக்கு நேரமாகியிருக்கவில்லை.

அதற்குப் பதினேழு நாள் கழித்து அருணாதேவி வீட்டையும் நிலத்தையும் அண்ணன் பேருக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டாள். இப்போது வேறு மாவட்டத்தில் ஒரு காப்பகத்தில் இருக்கிறாள். இரண்டு வேளை மாத்திரை கொடுக்கிறார்களாம். யாரோடும் பேசுவதில்லை என்று தருமன் சொன்னான். பிரகாஷ் அம்மா வீட்டை இடித்துவிட்டு மாடி வீடு கட்டியிருக்கிறான். கிரிவலத்துக்கு வருகிற சொந்தக்காரர்களை எங்கள் லாட்ஜுக்குத்தான் அனுப்புகிறான். தருமனின் உரக்கடை நன்றாக நடக்கிறது. அந்த மரத்தடிப் பெரியவரை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. முதலாளி சடையன் என் சம்பளத்தைக் கொஞ்சம் கூட்டினார். சரோஜாக்கா அடுத்த மாதமே வேலையை விட்டுவிட்டு, அடி அண்ணாமலையில் ஓர் அன்னதானக் கூடத்தில் பாத்திரம் தேய்க்கிறாள். வழியில் பார்த்தால் கேட்டதற்குப் பதில் சொல்வாள், அவளாகப் பேசுவதில்லை. நான் அதே மேசையில்தான் இருக்கிறேன். போன வாரம் தனியாக வந்த ஒரு பெண்ணுக்கு ரூம் இல்லை என்று சொல்லி அனுப்பினேன்.